குவியலில் இல்லாத கயிறு

விழுப்புரம் தனி மாவட்டம் ஆன புதிதில், நான் வேலை பார்த்த நாளிதழ் என்னை அங்கே செய்தியாளராக அனுப்பியது. ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில் மாடியில் ஓர் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி. காலையில் கடைகள் திறக்கும் முன்பே அந்தத் தொலைபேசி அடித்தால் பெரும்பாலும் யாரோ செத்திருப்பார்கள். லாரி மோதியிருக்கும், கிணற்றில் விழுந்திருப்பார்கள், பாம்பு கடித்திருக்கும். பெயர், வயது, ஊர், தகப்பன் பெயர் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்வேன். குரல் மாறாமல் கேட்கப் பழகியிருந்தேன்.

அந்த ஆவணி மாதக் காலையில் அடித்தபோதும் அப்படித்தான் எடுத்தேன். மறுமுனையில் என் அக்கா.

"டேய், உங்க மாமா இன்னும் வரலடா."

அக்கா அதுவரை எனக்குப் போன் செய்ததில்லை. மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம் ஒன்றில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தோம். எங்கள் வீடும் அதற்கு அடுத்த குப்பத்தில்தான். நான் திண்டிவனத்தில் படிக்கப் போய், அப்படியே கடலை விட்டு வந்துவிட்டவன். அக்கா அங்கிருந்து நடந்து மரக்காணம் கடைத்தெருவுக்கு வந்து, எஸ்.டி.டி. பூத் திறக்கும்வரை அதன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"எப்ப போனாங்க?"

"நேத்து விடிகாலைல. அவரும் அவரு தம்பியும். மத்த மரம் எல்லாம் வந்துட்ச்சி. சாயங்காலம் மேகாத்து அடிச்சிச்சே, அங்க அடிக்கல?"

அடித்தது. பழைய பேருந்து நிலையத்தில் ஒரு கடையின் தகரக் கூரை பறந்து போனது. அதை இரண்டு வரிச் செய்தியாக அனுப்பிவிட்டுத் தூங்கியிருந்தேன்.

"காத்து வர்றப்ப பாயோட பாத்தேன்னு ஒருத்தன் சொல்றான். இல்ல, பாய இறக்கிட்டாங்கோன்னு இன்னொருத்தன் சொல்றான். ரெண்டும் குடிகாரனுங்க. யார நம்பறது நான்?"

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது. கட்டுமரத்தை எங்கள் ஆட்கள் மரம் என்றே சொல்வார்கள். அது மூழ்காது. சேர்த்துக் கட்டிய கட்டைகள்தானே, தண்ணீர் மேலே ஓடினாலும் மிதந்துகொண்டே இருக்கும். ஆனால் மேற்கேயிருந்து திடீரென்று அடிக்கும் ஆவணிக் காற்றில் பாய் ஏறியிருந்தால் மரம் ஒரே நொடியில் குப்புறக் கவிழும். கவிழும்போது பாயும் கயிறுகளும் ஆளை அடியில் போட்டு அமுக்கிவிடும். பாயை இறக்கிவிட்டிருந்தால் கட்டைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடக்கலாம். எத்தனை நேரம் என்பது வேறு விஷயம். பாய் இறங்கியதா, இல்லையா. அந்தக் காலையில் அக்காவுக்கு உலகத்தில் இருந்தது இந்த ஒரு கேள்விதான். எனக்கும்.

"வர்றேன்" என்று சொல்லி வைத்தேன். ரிசீவர் ஒழுங்காக உட்காரவில்லை. இரண்டாம் முறை வைத்தேன்.

திண்டிவனம் பேருந்தில் எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். வெகுநாள் காய்ந்து கிடந்த பிறகு பெய்த மழை அது. கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒரு அம்மாள், மடியில் ஈரம் காயாத கீரைக்கட்டோடு, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க பக்கம் பேஞ்சிதா தம்பி?"

"பேஞ்சிதுங்க."

"எங்களுக்குக் கொல்லை நெறையப் பேஞ்சிது. மல்லாட்ட வாடிக்கினு இருந்திச்சு, இப்பப் போய்ப் பாத்தா தலையத் தூக்கிக்கினு நிக்குது. இன்னொரு மழ இதே மாரி வந்தாப் போதும்."

"வரும்" என்றேன். அவள் சொன்ன மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வயல்களில் நிமிர்ந்து நின்றது. சாலையோரம் கிளை முறிந்த புளியமரங்கள், கழுவிவிட்டது போல் பச்சை. ஜன்னல் வழியாக மேற்கே பார்த்துக்கொண்டே வந்தேன். வானம் சுத்தமாக இருந்தது. ஆவணியில் காலை வானம் எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். மாலையில்தான் மறுபடியும் கறுக்கும்.

திண்டிவனத்தில் வண்டி மாற வேண்டும். மரக்காணம் பேருந்துக்கு நேரம் இருந்ததால் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். இரவுப் பணி முடித்துக் கிளம்பவிருந்த உதவி ஆசிரியர் எடுத்தார்.

"மரக்காணத்துல ரெண்டு மீனவர் காணல" என்றேன்.

"நல்லாச் சொல்லு. படம் கிடைக்குமா? மனைவி அழுவற மாதிரி?"

"சார், அது எங்க மாமா."

"அய்யய்யோ" என்றார். உண்மையாகவே பதறினார்.  பிறகு, பழக்கம் விடாமல், மெல்லக் கேட்டார்: "வயசு என்ன?"

சொன்னேன். அவர் எழுதும் சத்தம் கேட்டது. தலைப்பு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 'கடலுக்குச் சென்ற மீனவர்கள் கதி என்ன?' எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தத் தலைப்பை நானே போட்டிருக்கிறேன். கதி என்ற சொல் அச்சில் பார்க்கக் கச்சிதமாக இருக்கும்.

குப்பத்தில் அக்கா அழவில்லை. கரையில், வழக்கமாக மாமாவின் மரத்தை இழுத்து ஏற்றும் இடத்தில், முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிப் பெண்கள். நான் போனதும் ஒருத்தி ஒப்பாரிக்கு இழுப்பது போல் குரலை எடுத்தாள். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்குடி பாடற? உம் புருஷன் வூட்லதான தூங்கறான், அவனுக்குப் போய்ப் பாடு."

குரல் அடங்கியது.

அன்று பகலில் நான்கு மரங்கள் தேடிப் போய்விட்டு வந்தன. கடல் தட்டையாக, ஒன்றும் நடக்காதது போல் இருந்தது. தேடிப் போனவர்கள் கரையேறி, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் துடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். மாலையில் மேற்கே பனைமரங்களுக்குப் பின்னால் மின்னியது. அக்கா அப்போது மட்டும் என் சட்டையைப் பிடித்தாள். பிடித்தது அவளுக்கே தெரிந்திருக்காது. மின்னல் வடக்கே தள்ளிப் போகும்வரை விடவில்லை. அதன் பிறகு பல வருடங்கள் நான் விழுப்புரத்தில் இருந்தேன். கைப்பேசி வந்து, மரங்கள் இருந்த இடத்தில் எல்லாம் பைபர் படகுகள் வந்த பிறகும் ஆவணி மாலைகளில் மேற்கே மின்னினால், என் தோளில் சட்டைத் துணி இறுகுவது போல் இருக்கும்.

மறுநாள் காலை, வடக்கேயிருந்து சைக்கிளில் வரும் மீன் வியாபாரி ஒருவர் தகவல் கொண்டுவந்தார். கழிவெளி என்னும் உப்பங்கழிக்கு அந்தப் பக்கம், வடக்கே ஒரு குப்பத்தில், பாயும் பாய்மரமும் கரை ஒதுங்கியிருக்கின்றன. கட்டுமரம் இல்லை. ஆள் இல்லை. பாய்மரமும் பாயும் கயிறும் மட்டும்.

அக்கா எழுந்து புடவையை உதறினாள்.

"வாடா. பாத்தா தெரிஞ்சிடும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பாய் கட்டிய கோலம் பொய் சொல்லாது. எந்தக் கயிறு கட்டியபடி இருக்கிறது, எது அவிழ்ந்திருக்கிறது, எது அறுந்திருக்கிறது என்று பார்த்தால், காற்று வந்தபோது பாய் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று சொல்லிவிடலாம். போகும் வழியெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் குப்பம் நெருங்க நெருங்க, தெரியாமலே இருந்தால் நல்லது என்று தோன்ற ஆரம்பித்தது.

கண்டெடுத்தவர் ஐம்பது வயதுக்காரர், தலையில் துண்டு. எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே யாரென்று தெரிந்துகொண்டு எதிரே வந்தார். தன் வீட்டின் பின்னால், அலை எட்டாத மேட்டில், தென்னை ஓலை பரப்பி, அதன் மேல் எல்லாவற்றையும் வைத்திருந்தார்.

பாய் மண் போக நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, நான்காக மடித்திருந்தது. பாய்மரம் தனியே. பாயைத் தாங்கும் நீள மூங்கிலான பருமல் அதன் பக்கத்தில். கயிறுகள் ஒவ்வொன்றும் வட்டமாகச் சுருட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக. ஒரு முடிச்சுகூட மிச்சமில்லை.

அக்காவின் முகம் சுண்டிப்போனது.

எங்கள் கரையில் அது ஒரு வழக்கம். அலை கொண்டுவந்து போட்ட தொழில் சாமானை, சிக்கலும் மண்ணுமாக அப்படியே விடக்கூடாது. உடைமைக்காரன் வந்து பார்க்கும்போது மனம் நொந்துவிடும் என்பார்கள். அவிழ்த்து, அலசி, மடித்து, மேட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டும். கேட்டு வந்தால் சொந்தச் சாமானைத் தருவது போல் இரண்டு கையாலும் தர வேண்டும். அவர் அதைக் குறைவில்லாமல் செய்திருந்தார். அந்த மரியாதையில், நாங்கள் பார்க்க வந்ததெல்லாம் அழிந்துபோயிருந்தது.

"நம்பள்து தானாம்மா?" என்று கேட்டார்.

அக்கா குனிந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பேர் சொன்னாள். பாய். பாயின் ஓரத்தில் மாவு மூட்டைத் துணியில் அவளே தைத்த ஒட்டு. பாய்மரம். பருமல். தாமான், அதாவது பாயின் கீழ்க்கோடியில் கட்டி, காற்றுக்குத் தக்கபடி இழுத்தும் விட்டும் பிடிக்கும் கயிறு. குழந்தைகளைத் தலை எண்ணுவது போல் மெதுவாகச் சொன்னாள்.

"எங்கள்து தாங்க" என்றாள். "எப்டி வந்துச்சு? வர்றப்ப எப்டி இருந்துச்சு?"

"எப்டின்னா? ஒரே சிக்கு. நானும் என் வூட்டுக்காரியும் குந்திக்கினு அவுத்தோம். கை எல்லாம் புண்ணாப் பூட்ச்சி."

"எந்தக் கயிறு எதுல கட்டி இருந்துச்சுண்ணே?"

"அது யாரும்மா பாத்தா? நல்ல காரியமாச்சேன்னு அவுத்தேன். இப்டிப் போலீசுக்காரன் மாரி கேப்பீங்கன்னு தெரிஞ்சா, கைய வெச்சிருக்கவே மாட்டேன்."

அவருக்கு வருத்தம்.  விபத்துகளில் சாட்சிகளிடம் பேசிப் பழகியவன் நான். என்ன நடந்தது என்று மொத்தமாகக் கேட்டால் யாருக்கும் நினைவு வராது. பொருளைக் கண்ணெதிரே வைத்து, ஒன்று ஒன்றாகக் கேட்டால் கை சொல்லிவிடும்.

"அண்ணே, திரும்ப வெச்சுப் பாக்கலாமா?" என்றேன். "நீங்க அவுத்ததயே. தலகீழா."

பாயைப் பிரித்து மணலில் விரித்தோம். பாய்மரத்தைப் பக்கத்தில் கிடத்தினோம். பருமலைப் பாயின் மேல் ஓரத்தில் வைத்தேன்.

"பாய் இதுல கட்டி இருந்துச்சா?"

"இருந்துச்சு. சின்னச் சின்னக் கட்டு. ஒன்னு கூட அவுரல. பல்லால கடிச்சி அவுத்தேன்."

"தாமான்?"

சுருளை எடுத்துப் பாயின் கோடியில் வைத்தேன். அவர் அதையே பார்த்தார். கை தானாக அசைந்தது.

"இந்த மொன கட்டி இருந்துச்சு. அந்த மொன சும்மா ஓடிக்கினு இருந்துச்சு. அறுந்த மாரி இல்ல. வுட்ட மாரி."

அக்கா என்னைப் பார்த்தாள். தாமானை விட்டிருக்கிறார்கள் என்றால் காற்றைப் பாயிலிருந்து விட்டிருக்கிறார்கள். ஆனால் அது மட்டும் போதாது. பாயை இறக்கினார்களா என்று சொல்லக்கூடிய கயிறு வேறு. ஆஞ்சான் என்போம். பருமலில் கட்டி, பாய்மரத்தின் உச்சி வழியாகப் போட்டு, பாயை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் பிடிக்கும் கயிறு. இருப்பதிலேயே நீளமானது அதுதான். அது இறுகக் கட்டியபடி வந்திருந்தால் பாய் ஏறிய நிலையிலேயே கவிழ்ந்தது என்று பொருள். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்காதான் கேட்டாள்.

"ஆஞ்சான் எங்க?"

அவர் சுருள்களைப் புரட்டினார். தாமான் ஒன்று. பாய்மரத்தை நிறுத்திக் கட்டும் பழைய தென்னங்கயிறு ஒன்று. சின்னத் துண்டுகள்.

"இல்லியே" என்றார்.

"பச்சக் கலரு. நைலான். புதுசு. ஆடி மாசந்தான் வாங்கனது."

"அப்டி ஒன்னும் வர்லம்மா."

நான் பாய்மரத்தின் உச்சியைப் பார்த்தேன். கயிறு ஓடும் துளையில் நார் எதுவும் சிக்கியிருக்கவில்லை. பருமலின் நடுவில், ஆஞ்சான் கட்டும் இடத்தில், கட்டு அழுந்திய தடம் மட்டும் இருந்தது. அறுந்திருந்தால் ஒரு துண்டாவது அங்கே தொங்கும். யாரோ முழுதாக அவிழ்த்து எடுத்திருக்கிறார்கள்.

யார் என்பதுதான். மாமா எடுத்திருந்தால், பாய் இறங்கியாகிவிட்டது. பாயையும் பாய்மரத்தையும் கடலில் தள்ளிவிட்டு, அந்த நீளக் கயிற்றால் தங்களைக் கட்டைகளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எதிரில் நிற்கும் இந்த மனிதர் எடுத்திருந்தால், ஆஞ்சான் கட்டியபடிதான் கரைக்கு வந்தது. புதுக் கயிறு, பளிச்சென்ற பச்சை. யாருக்கும் ஆசை வரும்.

அவர் நல்லவராக இருக்க வேண்டும். அந்தக் கணத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். நான் எத்தனையோ பேரின் முகத்தைப் பார்த்து உண்மையா பொய்யா என்று முடிவு கட்டியவன். அன்று ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் கறுத்த ஒரு முகம், அவ்வளவுதான்.

அக்கா எழுந்து அவர் எதிரே போய் நின்றாள்.

"அண்ணே. நான் ஒன்னு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அந்தக் கயிறு உங்ககிட்ட இருந்தா நீங்களே வெச்சுக்கோங்க. எனுக்கு வேணாம். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இருக்குதா இல்லியான்னு மட்டும் சொல்லிடுங்க."

"திருடன்னு சொல்றியா?"

"திருடலன்னு சொல்லுங்கன்னு கெஞ்சறேண்ணே."

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி வந்தாள். கையில் அரிசி களைந்த பாத்திரம்.

"இன்னாடி பேசற? பல்லால கடிச்சி அவுத்துக் குடுத்தா, திருட்டுப் பட்டமா? எம் புருஷன் குடிப்பான், ஊர் சண்டய எல்லாம் வூட்டுக்கு இழுத்துக்கினு வருவான், ரெண்டு நாளு வேலைக்குப் போவாம கவுந்து படுத்துக்கினு இருப்பான். கயிறு எடுக்க மாட்டான்!"

"நீ எனுக்கு நல்லது பேசறியா, கெட்டது பேசறியா?" என்றார் அவர்.

"நீ சும்மா இரு."

அக்கா அசையவில்லை. "சூடம் அணைக்கறீங்களா?" என்றாள்.

 சூடம் ஏற்றிக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்களுக்குள் கடைசி வார்த்தை. அதைக் கேட்பதே பெரிய அவமானம். பொய்யாக அணைத்தவன் குடும்பத்தைக் கடல் விடாது என்பார்கள். நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கை கல்லாக இருந்தது.

அவர் உள்ளே போய்ச் சூடமும் தீப்பெட்டியும் கொண்டுவந்தார். மணலைச் சமன் செய்து, ஒரு வெற்றிலையை வைத்து, அதன் மேல் சூடத்தை வைத்துப் பற்றவைத்தார். கிழக்கே பார்த்து நின்று கையைத் தூக்கினார். தூக்கிய கை இறங்குவதற்குள் கடல் காற்று ஒரு வீச்சு வந்தது. சூடம் அணைந்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காத்துதான்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. அவருக்கும் பயம் வந்துவிட்டது. கன்னம் துடித்தது. அது குற்றம் செய்தவனின் பயமா, எங்களைப் போன்ற ஒருவனின் பயமா?

அவர் மனைவிதான் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்தாள். காற்றுக்கு முதுகைக் காட்டி மணலில் மண்டிபோட்டு, முந்தானையை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்தாள்.

"இப்பக் கொளுத்து" என்றாள். "அடிச்சிச் சொல்லு. நல்லாச் சொல்லு, அந்தப் பொண்ணு காதுல வுழறா மாரி."

சூடம் பற்றி நின்று எரிந்தது. "கயிறு வர்ல. நான் எடுக்கல. எம் புள்ளைங்க மேல" என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். வெற்றிலை மணலுக்குள் போனது. கையை எடுத்தபோது தோல் கறுத்திருந்தது.

அக்கா அப்படியே அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் முதல் முறையாக அழுதாள்.

"எறக்கிட்டாரு" என்றாள் என்னிடம். "கேட்டியாடா, எறக்கிட்டாரு. கட்டிக்கினு இருக்காங்க ரெண்டு பேரும்."

நான் தலையாட்டினேன். அவளிடம் சொல்லாத ஒன்று எனக்குள் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தது. கட்டைகளோடு தங்களைக் கட்டிக்கொண்டவர்கள் எப்படியும் ஒரு நாள் கரைக்கு வந்துவிடுவார்கள். உயிர் இருந்தாலும், இல்லாவிட்டாலும்.

வடக்கே நடந்தோம். நீரோட்டம் அந்த மாதத்தில் வடக்கே போகும், மரமும் அங்கேதான் போயிருக்கும். பாயை எடுத்துக்கொள்ளச் சொன்னார் அவர். "உங்க வூட்லயே இருக்கட்டும்ண்ணே, அவரு வந்து எடுத்துக்குவாரு" என்றாள் அக்கா.  அவர் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே எங்களோடு வந்தார். வரும் வழியெல்லாம் வாய் ஓயவில்லை. தன் மச்சான் ஒருவன் ஐந்து நாள் கிடந்து ஆந்திராவில் கரையேறிய கதை, பிறகு அவன் அங்கேயே இன்னொரு கல்யாணம் செய்துகொண்ட கதை.

"எங்க வூட்டுக்காரரு அப்டிப் பண்ணாருன்னா கால ஒடச்சிடுவேன்" என்றாள் அக்கா.

"அதுக்கு மொதல்ல வரணும்ல" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கரையில் தூரத்தில் கறுப்பாக எது தெரிந்தாலும் மூவரும் பேச்சை நிறுத்தினோம். ஒன்று பனந்துண்டு. ஒன்று செத்துப் போன ஆமை. ஒன்று கவிழ்த்துப் போட்ட யாருடையதோ கூடை. ஒவ்வொன்றுக்கும் அக்கா பின்தங்கிவிடுவாள். நான் முன்னால் போய்ப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் வருவாள்.  

பிற்பகலில், அடுத்த ஊர் எல்லையில், ஒருவர் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"மரக்காணத்து ஆளுங்களா நீங்க? விசைப்படகுக்காரங்க ரெண்டு பேரத் தூக்கிக்கினு வந்தாங்க. ஒருத்தர் பேசறாரு. ஒருத்தர் பேசல. வேன்ல வெச்சித் திண்டிவனத்துக்கு அனுப்பிட்டோம். ஜல்தி போங்க."

"எவரு பேசல?" என்றாள் அக்கா.

"தெரியலம்மா. ரெண்டு பேரு மூஞ்சியும் உப்புல வெந்து ஒரே மாரி இருந்துச்சு."

கூட வந்தவர் அங்கேயே நின்றுகொள்ள, திண்டிவனத்துக்கு நானும் அக்காவும் ஒரு செங்கல் லாரியின் முன்பக்கம் உட்கார்ந்து போனோம்.  அக்கா கையை மடியில் வைத்து விரல்களை மடக்கி மடக்கிப் பிரித்தாள். பேசுகிறவர் அவரா, தம்பியா, அவரா, தம்பியா என்று எண்ணுகிறாள் என்று நினைத்தேன். நானும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் முதல் கட்டிலில் இருந்தவர் எங்களைப் பார்த்து எழ முயன்றார். "அண்ணி" என்றார். மாமாவின் தம்பி. பேசுகிறவர் அவர். அக்காவின் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன.

அடுத்த கட்டிலில் மாமா கிடந்தார். கண் திறந்திருந்தது. மார்பு ஏறி இறங்கியது. உதடு வெடித்து, நாக்கு தடித்து, பேச முடியாமல் கிடந்தார். உயிர் இருந்தது. மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நர்சம்மா, "பயப்படாதீங்கம்மா, தண்ணி உள்ள போனாப் பேசுவாரு. கைதான் பிரிக்க முடியல, ரெண்டு பேரு புடிச்சிப் பாத்துட்டோம். சுடுதண்ணி வெச்சிருக்கேன்" என்றார்.

போர்வையை விலக்கியதும் பார்த்தேன். தம்பிக்கு நெஞ்சிலும் இடுப்பிலும் கயிறு அறுத்த தடம், சுற்றுச் சுற்றாக, சதை தெரிய. மாமாவின் உடம்பில் ஒரு தடமும் இல்லை. அவருடைய இரண்டு கைகள் மட்டும், எதையோ பிடித்தது போல மூடிக்கொண்டிருந்தன. விரல் நுனிகள் வெள்ளையாக இருந்தன.

"பாய எறக்கித் தள்ளிட்டோம் அண்ணி" என்றார் தம்பி. "ஆஞ்சான உருவினாரு. மொதல்ல என்னக் கட்டினாரு. நான் வேணாம்னேன். அடி வுட்டாரு ஒன்னு. கட்டி முடிச்சா, கயிறு தீந்துபோச்சு. அவரு கட்டைய சேத்துக் கட்டியிருந்த கட்டுக்குள்ள கைய வுட்டுப் புடிச்சிக்கினாரு. அவ்ளோதான். அதுக்கப்புறம் வுடவே இல்ல. படகுக்காரங்க வந்தப்ப அந்தக் கட்ட அறுத்துத்தான் எடுத்தாங்க."

அக்கா கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை மடியில் வைத்து, மாமாவின் வலது கையை அதில் முக்கினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டை விரலைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினாள்.

"வுடுய்யா" என்றாள். "கரைக்கு வந்தாச்சு. இன்னாத்தப் புடிச்சிக்கினு இருக்க? வுடு."

ஒரு விரல் வந்தது. அடுத்தது வந்தது. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு திட்டு. தூரத்துக்கு ஏன் போனாய், வானத்தைப் பார்க்கத் தெரியாதா, தம்பியை அடித்தாயாமே. மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. வலது கை திறந்தது. உள்ளங்கையில் தோல் இல்லை. அவள் அதைப் பார்க்காதவள் போல் இடது கையை எடுத்தாள். அதுவும் திறந்தது.

அறைக்குள் வெளிச்சம் குறைந்தது. மேற்கு ஜன்னலின் கதவு காற்றில் படாரென்று சுவரில் அடித்தது. மாமாவின் பத்து விரல்களும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன. அக்காவின் மணிக்கட்டு உள்ளே அகப்பட்டுக்கொண்டது. அவளுக்கு வலித்திருக்கும். கத்தவில்லை, கையை உருவவும் இல்லை.

"ஜன்னல சாத்துடா" என்றாள் என்னிடம்.